அந்த மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை: நியூ ஜெர்சி தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே,

போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் ஒரு மனு சுற்றியது. “நம்ம ஊர் ஸ்கூலை நாமதான் காப்பாத்தணும்” என்று தலைப்பு, கீழே ஓர் இணைப்பு. சிறிய பள்ளி மாவட்டங்களைச் சட்டம் போட்டு இணைக்கக் கூடாது, நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்கள் அப்படி எது வந்தாலும் எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்பது சாரம். சாயங்காலத்துக்குள் நாற்பது கட்டைவிரல்கள் விழுந்துவிட்டன. என் விரல் அதில் இல்லை.

மறுநாள் இந்தியக் கடையில் ஒரு தோழி பிடித்துக்கொண்டாள். “ஏன்டி, நீ மட்டும் கையெழுத்துப் போடல? உன் பொண்ணு ஸ்கூல் முடிக்கப் போறா, அதனாலயா?” “தயவுசெய்து வெண்டைக்காயை ஒடிக்காதீர்கள்” என்ற அட்டைக்கு நேர் கீழே நின்று இருவரும் ஒடித்துக்கொண்டிருந்தோம். அங்கே நின்று சொல்லி முடிகிற விஷயமா இது? அப்புறம் எழுதுகிறேன் என்றேன். எழுதுவதுதான் எழுதுகிறோம், நாற்பது பேருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என்னைப் பற்றி. நானும் ரேட்டிங் பார்த்து வீடு வாங்கியவள்தான். வீடு தேடிய காலத்தில் என் கணவர் ஓர் எக்ஸெல் தாள் வைத்திருந்தார். முதல் நிரலில் பள்ளியின் ரேட்டிங், இரண்டாவதில் ரயில் நிலையத்துக்கு எத்தனை மைல், மூன்றாவதில்தான் விலை. ரேட்டிங் எட்டுக்குக் கீழே போனால் அந்த வரிசையையே சிவப்பாக்கிவிடுவார். ஒரு வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டி வைக்கிற அளவுக்கு வெயில். தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளி மாவட்டம், எதிர்ப் பக்கம் வேறு. அந்த வீடு எதிர்ப் பக்கத்தில் இருந்தது. முப்பதடி தார் ரோடு. விட்டுவிட்டோம். அந்தத் தெருவின் நடுவே கோடு போட்டது யார், எதற்காகப் போட்டார்கள் என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

பிற்பாடு தேடிப் படித்தேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வரும். இங்கே அது வேறு. ஊருக்கு ஒரு கல்வித்துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு, பள்ளிகளை நிர்வகிக்க ஒரு சூப்பரிண்டெண்டெண்ட், ஒரு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், ஒரு வக்கீல், தனி பட்ஜெட். எல்லாவற்றுக்கும் நம் சொத்து வரி. நியூ ஜெர்சியில் 564 ஊராட்சிகள் இருக்கின்றன. பள்ளி மாவட்டங்கள் அதைவிட அதிகம், கிட்டத்தட்ட 600. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பரப்புகூட இல்லாத மாநிலம் இது. 2024இல் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி முதல் தடவையாக 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது.

இத்தனை கோடுகள் எப்படி வந்தன என்பது ஒரு கதை. 1894இல் நம் மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். அதுவரை ஒரு டவுன்ஷிப்புக்குள்ளேயே (அதுவும் ஒரு வகை ஊராட்சிதான்) குட்டிக் குட்டியாகப் பல பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இனிமேல் ஒரு டவுன்ஷிப் முழுக்க ஒரே மாவட்டம் என்றது சட்டம். ஆமாம், அதுவும் ஓர் இணைப்புச் சட்டம்தான். தன் பகுதியில் பள்ளி கட்டிக் கடனை அடைத்துவிட்டவர்களுக்கு, அடுத்த பகுதி இனிமேல் கட்டும் பள்ளியின் கடனையும் சேர்த்துச் சுமப்பதா என்று எரிச்சல். சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது: ஒரு பகுதி தனி பரோவாக, அதாவது தனி நிர்வாகம் உள்ள சின்ன ஊராகப் பிரிந்துவிட்டால் தனிப் பள்ளி மாவட்டமாக இருக்கலாம். அவ்வளவுதான். பெர்கன் கவுன்ட்டியில் மட்டும் (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதிதான் கவுன்ட்டி) அந்த ஒரே வருடத்தில் 26 பரோக்கள் பிறந்தன. அந்தக் காலத்திலேயே இதை ஒரு தொற்றுநோய் மாதிரி ‘பரோவைட்டிஸ்’ என்று கிண்டலடித்திருக்கிறார்கள்.

காப்பாற்ற வேண்டும் என்று மனுவில் எழுதியிருக்கிறோமே, அந்த ஊர்ப் பாரம்பரியத்தின் பிறவிக் கதை இதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவில் பங்கு போடக் கூடாது என்று கிளம்பியவர்கள் போட்ட வேலி. 130 வருடம் கழித்து மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த நாம் அதற்குக் காவல் நிற்கிறோம்.

இந்தக் கோடுகள் எந்த அளவுக்குப் போயின என்பதற்கு டாவிஸ்டாக்கைப் பாருங்கள். ஒரு கோல்ஃப் கிளப்பைச் சுற்றி அமைந்த பரோ. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் ஐந்து பேர். அதற்கும் பேருக்கு ஒரு பள்ளி மாவட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் மட்டும் கிடையாது! 2009இல்தான் அப்படிப்பட்ட, பள்ளியே நடத்தாத பதின்மூன்று மாவட்டங்களை அரசு பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்தது. நம் ஆட்கள் நிறைய இருக்கும் மான்ட்கோமரியோடு ராக்கி ஹில் சேர்ந்ததும் அப்போதுதான். அதனால் மான்ட்கோமரியின் ரேட்டிங் விழுந்ததாக யாராவது புலம்பிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, இப்போது வெஸ்ட் விண்ட்ஸர்–பிளெய்ன்ஸ்போரோவுக்கு வருவோம். நம் குழுவில் பாதிப் பேர் அங்கே வீடு கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். மீதிப் பேர் அங்கே போவதற்காகச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள். கேட்கிற விலைக்கு மேல் வைத்து, உருக்கமாக ஒரு கடிதமும் எழுதி வீட்டுக்காரரிடம் கெஞ்சுகிறோமே, அந்த மாவட்டத்தின் பெயரை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். நடுவில் ஒரு சிறு கோடு இருக்கிறது. அது இரண்டு ஊர். வெஸ்ட் விண்ட்ஸர் இருப்பது மெர்சர் கவுன்ட்டியில், பிளெய்ன்ஸ்போரோ இருப்பது மிடில்செக்ஸ் கவுன்ட்டியில். 1969இல் கவுன்ட்டி எல்லையைத் தாண்டி இரண்டும் ஒரு ரீஜனல் மாவட்டமாகச் சேர்ந்தன. செலவு எந்த ஊருக்கு எவ்வளவு என்பது இரண்டு ஊர்களின் சொத்து மதிப்பைப் பொறுத்து மாறும். அதில் இன்றும் முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் ஒன்றாகத்தான் நடத்துகிறார்கள். நாம் கனவு காணும் மாவட்டமே இணைப்பில் பிறந்தது. யாரோ செய்த இணைப்பில் போய் உட்கார நமக்கு ஆசை. நம் வாசலுக்கு இணைப்பு வந்தால் மனு.

நான் இருக்கும் ஊரில் மழலையர் வகுப்பிலிருந்து எட்டாவது வரைதான் சொந்தப் பள்ளி. ஒன்பதாவதுக்கு மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒரே ரீஜனல் உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். அந்த உயர்நிலைப் பள்ளிக்கும் தனி மாவட்டம், ஆக மூன்று ஊர்களுக்கு நான்கு பள்ளி மாவட்டங்கள். நான்கு போர்டு, நான்கு சூப்பரிண்டெண்டெண்ட். உங்களில் நிறையப் பேருக்கு இதே அமைப்புதான்.

என் மகள் ஒன்பதாவது சேர்ந்த வருடத்தை மறக்க முடியாது. எங்கள் ஊரில் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா முடித்திருந்தாள். இரண்டாவது ஊரில் தேர்வு வைத்துத் தேறியவர்களுக்கு மட்டும் அது கிடைத்திருந்தது. மூன்றாவது ஊரிலிருந்து வந்த ஒரு பையன், எங்கள் தமிழ்ப் பள்ளியில் படிப்பவன், நல்ல கெட்டிக்காரன், அவனுக்கு அந்தப் பாடமே இருந்ததில்லை. ஸ்பானிஷ் கதை இன்னும் வேடிக்கை. ஓர் ஊரில் ஆறாவதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இன்னோர் ஊரில் வருடத்துக்கு ஒன்பது வாரம். செப்டம்பர் முழுக்க டீச்சர் யாருக்கு எது தெரியும் என்று கண்டுபிடிப்பதிலேயே போயிற்று. ஆங்கில வகுப்பில் என் மகள் எட்டாவதில் படித்த அதே நாவலை மறுபடி படித்தாள். பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், அம்மா செய்த ஒரே உபகாரம். யார் மேலும் தப்பில்லை. மூன்று பள்ளிகளும் தங்கள் பங்குக்கு ஒழுங்காகத்தான் நடக்கின்றன. ஒன்றோடொன்று பேசவேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு உயர்நிலைப் பள்ளி லீவு, சின்னவனின் பள்ளி லீவு இல்லை. வசந்த கால விடுமுறை அக்காவுக்கு ஒரு வாரம், தம்பிக்கு அடுத்த வாரம். ஒரு வருடம் என் மாமனாரின் சதாபிஷேகத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் பார்த்தபோது, இரண்டு காலண்டரையும் ஃப்ரிட்ஜில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு நானும் கணவரும் சண்டை போட்டதுதான் மிச்சம். கடைசியில் சின்னவனுக்கு ஐந்து நாள் ஆப்சென்ட். இரண்டு பள்ளிக்கும் நடுவே தூரம் ஒன்றரை மைல்.

இனி மனுவில் இருக்கும் வாதங்களுக்கு வருகிறேன். சிலது நியாயமானவை. நானே ஒப்புக்கொள்கிறேன்.

“இணைத்தால் வரி குறையும்னு சொல்றது பொய்.” இதில் பாதி உண்மை. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டன்கம், யிங்கர் என்ற இரண்டு பேராசிரியர்கள், நியூயார்க் மாநிலக் கிராமப்புறத்தில் இணைந்த பன்னிரண்டு ஜோடி மாவட்டங்களின் கணக்கைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் 300 பிள்ளைகள் போல இருந்த மாவட்டங்கள் சேர்ந்தபோது நல்ல மிச்சம். 1,500 பிள்ளைகள் இருந்தவை சேர்ந்தபோது மிச்சம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பெரிய மாவட்டங்கள் இரண்டைச் சேர்த்துப் பெரிதாக எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. கூடவே இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. மூன்று ஊர் ஆசிரியர்களுக்கும் மூன்று சம்பள ஒப்பந்தம். ஒரே மாவட்டமானால் சம்பளம் பெரும்பாலும் உயர்ந்த ஒப்பந்தத்தை நோக்கித்தான் போகும், கீழே இறங்காது. மூன்று சூப்பரிண்டெண்டெண்டுகளின் சம்பளம் மிச்சம் என்று கை தட்டுவதற்குள் முந்நூறு ஆசிரியர்களின் சம்பளம் ஏறியிருக்கும். ஆசிரியர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அரசியல்வாதிகள் இதை வரிக் குறைப்பு என்று விற்கும்போது நம்பாதீர்கள். என் மகளின் செப்டம்பர் மாதம் வீணாகாமல் இருப்பதற்காக இணையுங்கள் என்பது என் கட்சி.

“பெரிய ஊர்க்காரங்க செலவை நம்ம தலையில கட்டுவாங்க.” இது நிஜமான பயம், இதைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். ரீஜனல் மாவட்டத்தில் செலவைச் சொத்து மதிப்பின்படி பிரிக்கலாம், பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம், இரண்டையும் கலக்கலாம். எந்தச் சூத்திரம் என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை. பசேயிக் கவுன்ட்டியில் மான்செஸ்டர் ரீஜனல் என்ற உயர்நிலைப் பள்ளிக்கு ஹேல்டன், ப்ராஸ்பெக்ட் பார்க், நார்த் ஹேல்டன் ஆகிய மூன்று ஊர்கள் பிள்ளைகளை அனுப்புகின்றன. நார்த் ஹேல்டன் வசதியான ஊர். சொத்து மதிப்பில் கணக்குப் போட்டதால், அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்ற ஊர்களைவிட மிக அதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தது. வெளியேற விரும்பியது. 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் வெளியேற விடவில்லை. அந்த ஊரின் பிள்ளைகள் போய்விட்டால் பள்ளியில் வெள்ளையினப் பிள்ளைகளின் பங்கு குறைந்துவிடும், இனக் கலப்பு குலையும் என்றது. ஆனால் அதோடு நிறுத்தாமல், செலவுப் பங்கீட்டையும் நியாயமாக மாற்று என்று கல்வி ஆணையருக்கு உத்தரவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். நம் மனுவை எழுதியவர்கள் முதல் பாதியைக் கேட்டால் கோபப்படுவார்கள், இணைப்பு ஆதரவாளர்கள் இரண்டாம் பாதியை மறந்துவிடுவார்கள்.

“ஸ்கூலை மூடிடுவாங்க.” மாவட்டத்தை இணைப்பது வேறு, பள்ளிக் கட்டடத்தை மூடுவது வேறு. மனு இரண்டையும் குழப்புகிறது. ஆனால் ஒன்று இன்னொன்றில் போய் முடிவதுண்டு. ஹன்டர்டன் கவுன்ட்டியில் லாம்பர்ட்வில், வெஸ்ட் ஆம்வெல், ஸ்டாக்டன் மூன்றும் அவற்றின் உயர்நிலைப் பள்ளி மாவட்டமும் 2013இல் வாக்கெடுப்பு வைத்து, அடுத்த ஜூலையில் ஒரே மாவட்டமாயின. ஸ்டாக்டன், ஆற்றோரத்தில் சில நூறு பேர் வாழும் ஊர். அதன் சின்னஞ்சிறு பழைய பள்ளி இணைப்புக்குச் சில வருடங்களுக்குப் பிறகு மூடப்பட்டது. அதனால் இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். இணைப்புச் சட்டம் வந்தால், இத்தனை வருடங்களுக்குள் எந்த ஆரம்பப் பள்ளியையும் அந்த ஊர் சம்மதிக்காமல் மூடக் கூடாது என்று அதிலேயே எழுத வேண்டும். மனு போடுவதானால் அதற்குப் போடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

இதைச் சொல்லும்போது ஆர்கன்சாஸ் மாநிலத்து லேக் வியூவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிசிசிப்பி ஆற்றோரம் ஃபிலிப்ஸ் கவுன்ட்டியில் ஏழைக் கறுப்பின மக்களின் சின்ன ஊர். எங்கள் பள்ளிக்கு மாநிலம் தரும் பணம் போதாது, மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று 1992இல் வழக்குப் போட்டார்கள். பத்து வருடம் இழுத்தது. 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பள்ளிகளுக்கு நிதி கொடுக்கும் முறையே அரசியல் சாசனத்துக்கு விரோதம். இனி எல்லாப் பள்ளிக்கும் போதுமான பணம் தர வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, 350க்குக் குறைவாகப் பிள்ளைகள் இருக்கும் மாவட்டங்கள் வேறொன்றோடு இணைய வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆளுநர் ஹக்கபி 1,500 என்று வரம்பு கேட்டார். அது நடக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை, அவர் கையெழுத்து இல்லாமலே சட்டமாயிற்று. 2004 கோடையில் 50க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் காணாமல் போயின. அதில் ஒன்று லேக் வியூ. வழக்குப் போட்டு ஜெயித்த மாவட்டமே, ஜெயித்ததால் வந்த சட்டத்தில் கரைந்து பார்ட்டன்–லெக்சா என்ற மாவட்டத்தோடு சேர்ந்தது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கத்தரியைக் கையில் வைத்திருப்பவர் வெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

மெய்ன் மாநிலம் 2007இல் 290 மாவட்டங்களை 80 ஆக்குவேன் என்று கிளம்பி, சேராதவர்களுக்கு அபராதம் போட்டும், நினைத்த இடத்தை எட்டவே இல்லை. சேர்ந்த ஊர்களில் பல பின்பு கழன்றுகொண்டன. வெர்மான்ட் 2015இல் சேர்ந்தால் வரிச் சலுகை என்று ஆசை காட்டியது, அப்படியும் சேராதவர்களை 2018இல் மாநிலக் கல்வி வாரியம் கட்டாயமாகச் சேர்த்தது. இன்னும் 119 மாவட்டங்கள் இருக்கின்றன, 2025இல் மறுபடி ஒரு சட்டம். ஆளுநர் முதலில் கேட்டது மொத்த மாநிலத்துக்கும் ஐந்தே மாவட்டங்கள்.

“அப்படின்னா சட்டம் எதுக்கு? விருப்பம் இருக்கிற ஊர் தானா சேரட்டுமே” என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். தானாகச் சேரும் வழி இப்போதே இருக்கிறதே. இங்கே நியூ ஜெர்சியிலும் 2007இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுன்ட்டியிலும் நிர்வாக சூப்பரிண்டெண்டெண்ட் ஒருவரை வைத்து, எல்லா மாவட்டங்களையும் மழலையர் முதல் 12 வரை ஒன்றாக்கும் திட்டம் போடச் சொன்னது. ஊரெல்லாம் வாக்கெடுப்பு என்றார்கள். பெட்டி வரைக்கும் வரவே இல்லை. 2018இல் செனட் தலைவராக இருந்த ஸ்வீனி கூட்டிய குழு அதையே மறுபடி பரிந்துரைத்தது. 2022 ஜனவரியில், செனட்டர் வின் கோபால் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தில் ஆளுநர் மர்ஃபி கையெழுத்திட்டார். இணைப்பு சாத்தியமா என்று ஆய்வு செய்ய அரசே பணம் தருகிறது. மாநில உதவி குறைந்துவரும் மாவட்டங்கள் இணைந்தால் அந்த வெட்டு மெதுவாக விழும். நல்ல சட்டம்தான். ஆய்வறிக்கைகள் நிறைய வந்தன. இணைந்தது? மான்மத் கவுன்ட்டியில் ஹைலன்ட்ஸ், அட்லான்டிக் ஹைலன்ட்ஸ் இரண்டும் ஹென்றி ஹட்சன் உயர்நிலைப் பள்ளியோடு 2023இல் வாக்களித்து, 2024 ஜூலையில் ஒன்றாயின. ஸ்டாக்டனுக்குப் பிறகு இதுதான் நான் விரலைவிட்டு எண்ண முடிந்தது. அதிலும் பக்கத்துச் சீ பிரைட் தானும் சேர ஆசைப்பட்டது. 2009இல் அதை ஓஷன்போர்ட்டோடு சேர்த்திருந்தார்கள். விடமாட்டோம் என்று பழைய மாவட்டங்கள் கோர்ட்டுக்குப் போயின. சீ பிரைட்டின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். சண்டை அந்த ஊரின் கடற்கரை வீடுகள் கட்டும் வரிக்கு.

யாரிடம் பணம் இருக்கிறதோ அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள், யாரிடம் இல்லையோ அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். விருப்பத்துக்கு விட்டால் இதுதான் நடக்கும். கல்யாணத் தரகரைக் கேளுங்கள்.

இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். நம் குழுவில் ஒரு செய்தி இருந்தது, பிறகு அழித்துவிட்டார்கள், ஆனால் நான் படித்துவிட்டேன். “அந்த ஊர்ப் பசங்க வந்தா நம்ம ஸ்கூல் என்னாகும்?” எந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அபார்ட்மென்ட்டுகள் நிறைய உள்ள, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறைய உள்ள ஊர். ஒன்பதாவதில் அதே பிள்ளைகளோடுதான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். எட்டாவது வரை என்ன தொற்று வரும் என்று பயப்படுகிறோம்?

மாரிஸ் கவுன்ட்டியில் மாரிஸ்டவுன் என்று ஓர் ஊர். அதைச் சுற்றி நாலு பக்கமும் மாரிஸ் டவுன்ஷிப். மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டை டவுன், வடை டவுன்ஷிப். ஓட்டையில் கறுப்பினக் குடும்பங்கள் கணிசம், வடையில் வெள்ளையர்கள். உயர்நிலைப் பள்ளிக்கு எல்லாரும் மாரிஸ்டவுனுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். 1960களின் கடைசியில் டவுன்ஷிப் தனக்கென்று ஒரு உயர்நிலைப் பள்ளி கட்டிக்கொண்டு பிரியப் பார்த்தது. ஜென்கின்ஸ் என்ற பெண்ணும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். இரண்டு மாவட்டங்களையும் இணைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கல்வி ஆணையர் கையை விரித்தார். இருக்கிறது என்று 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1947 முதல் நியூ ஜெர்சி அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது, மாவட்டக் கோடு அதைவிடப் பெரிதல்ல. இரண்டும் மாரிஸ் பள்ளி மாவட்டமாகச் சேர்ந்தன. ஐம்பது வருடமாக நடக்கிறது. டவுன்ஷிப்பில் வீட்டு விலை விழுந்து யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை, வேண்டுமானால் விலையை எட்டிப் பாருங்கள். அப்படி ஓர் உத்தரவு அதற்கப்புறம் நியூ ஜெர்சியில் வேறெங்கும் போடப்படவில்லை. மாநிலப் பள்ளிகளில் பிரிவினை இன்னும் இருக்கிறது என்று 2018 மே மாதம் தொடுத்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. 2023இல் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் தலையாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிக்கு வாருங்கள். வாடகைக்கு எடுத்த பள்ளியில், நான் எடுக்கும் நான்காம் நிலை வகுப்பில் பதினாறு பிள்ளைகள், ஏழு பள்ளி மாவட்டங்களிலிருந்து. ‘ழ’ வராத பிள்ளை எந்த ரேட்டிங் மாவட்டத்திலிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. உயர்நிலையில் தமிழுக்கு ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ (இரு மொழித் தேர்ச்சிக்கான முத்திரை) வாங்க ஆசைப்பட்டபோதுதான் கோடு குறுக்கே வந்தது. மாநிலத் திட்டம்தான், ஆனால் சேருவதா வேண்டாமா என்பது மாவட்டத்தின் இஷ்டம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே திருக்குறளை ஒப்பித்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் டிப்ளமோவில் முத்திரை இருக்கிறது, இன்னொருத்தியின் மாவட்டம் திட்டத்தில் சேரவே இல்லை. அவள் அம்மா மூன்று தடவை மெயில் போட்டார். பதில் இல்லை. தனி ஆளாக ஒரு சின்ன மாவட்டத்தில் இதற்கென்று யார் உட்காருவார்கள்?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஏற்கெனவே ஒரே உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் மழலையர் முதல் 12 வரை ஒரே மாவட்டமாகச் சட்டம் வரட்டும். புதுக் கோடு எதுவும் போட வேண்டாம், பிள்ளைகள் ஏற்கெனவே நடக்கும் பாதையிலேயே போடுங்கள். எடிசன் மாதிரிப் பெரிய மாவட்டங்களைத் தொட வேண்டியதில்லை. செலவுச் சூத்திரம் சட்டம் வருவதற்கு முன்னாலேயே மேஜைக்கு வரட்டும், வந்த பிறகு அல்ல. போர்டில் சின்ன ஊருக்கும் இடம் இருக்கட்டும். பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிரான்பரிக்கு அங்கே போர்டில் ஒரே ஓர் இடம்தான், அதுவும் எல்லா விஷயத்திலும் வாக்களிக்க முடியாது. பணம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற அந்த நிலைமைதான் ‘உள்ளூர் அதிகாரம்’ என்று மனு கொண்டாடுவது. 1894 மாதிரிக் கழன்றுகொள்ள ஓட்டை வைக்காமல் எழுதட்டும். லேக் வியூ மாதிரி எண்ணிக்கைக் கத்தரியும் வேண்டாம்.

வரும் செவ்வாய்க்கிழமை இரவு ஏழரைக்கு எங்கள் ஊர் போர்டு மீட்டிங். பேசப் பேர் கொடுத்திருக்கிறேன். மூன்று நிமிடம்தான் தருவார்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் அணைந்துவிடும், அதனால் இத்தனையும் அங்கே சொல்ல முடியாது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் வாருங்கள், எதிர்த்துப் பேசுங்கள். பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிகள்தான், அதுவும் முப்பதோ என்னவோ. கொஞ்சம் முன்னாடியே வந்தால் இடம் கிடைக்கும்.

அன்புடன்,
நான்காம் நிலைத் தமிழ் டீச்சர், இரண்டு காலண்டர் வீட்டுக்காரி